குண்டு வீசப் பழகிய கை
(மிட்சுவோ ஃபுச்சிடாவின் ஜீவிய சரித்திரம்)



இந்தப் பக்கத்தில் மாதாமாதம் ஒரு தேவ மனிதருடைய ஜீவிய சரித்திரத்தை வாசித்து வருகிறோம். இந்த முறை நாம் பார்க்கப் போகிறவர் தம்முடைய 46 வயது வரைக்கும் தேவ மனிதர் அல்ல. ஒரு பட்டாளத்துக்காரர். அதுவும் குண்டு போடுகிற விமானப் படைக்குத் தலைவர். பெயர் மிட்சுவோ ஃபுச்சிடா, தேசம் ஜப்பான்.

ஜப்பான் எங்கே, மாதனூர் எங்கே என்று நினைக்காதீர்கள். 1942 ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பட்டணமே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடி வந்த கதையை உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்கிற பயம்தான் அவ்வளவுக்கும் காரணம். அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. அந்த மாதம் 5ம் தேதி கொழும்பு நகரத்தின் மேல் விமானங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்தான் இந்த ஃபுச்சிடா. அன்றைக்கு ஈஸ்டர் ஞாயிறு!

1902 டிசம்பர் 3ம் தேதி ஜப்பானில் நாரா மாகாணத்தில் பிறந்தார். 1921ல் எட்டாஜிமா என்ற தீவிலுள்ள கப்பற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். மினோரு கெண்டா என்கிற கெட்டிக்காரர் அங்கே இவருக்கு வகுப்புத் தோழர். இருவருக்கும் விமானத்தின் மேல் ஒரே பைத்தியம். ஃபுச்சிடா தேறினது உயரத்தில் நேராகப் பறந்துகொண்டே குண்டு போடுகிற வித்தையில். அதிலேயே மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அப்போது ஹிட்லர் மேல் அவருக்கு ஒரு பிரமிப்பு. அவனைப் போலவே மீசையும் வைத்துக் கொண்டார்.

1941 ஆகஸ்டில் அகாகி என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு மறுபடியும் மாற்றினார்கள். ஆறு கப்பல்களின் விமானக்காரர்களையும் ஒரே படையாகப் பழக்க வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ககோஷிமாவில் பயிற்சி

ஜப்பானின் தெற்கே க்யூஷூ தீவில் ககோஷிமா என்று ஒரு துறைமுக நகரம். எதிரே கடலுக்குள் புகைகிற எரிமலை. அந்த மலையைச் சுற்றி வந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, வீடுகளின் கூரையை உரசுகிற மாதிரி பறந்து, கடைத்தெருவைத் தாண்டினதும் சட்டென்று தண்ணீருக்கு 20 மீட்டருக்கும் கீழே இறங்க வேண்டும். இறங்கின கொஞ்ச நேரத்தில் டார்பிடோவை விடுகிற மாதிரி செய்துவிட்டு மேலே ஏற வேண்டும். டார்பிடோ என்றால் தண்ணீருக்குள்ளேயே ஓடிப்போய்க் கப்பலின் விலாவில் இடிக்கிற நீளமான குண்டு. இதையே தினமும் திரும்பத் திரும்பச் செய்தார்கள். ஊர் ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கப்பற்படை வாலிபர்கள் வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்தார்கள். பறந்தவர்களிலும் பெரும்பாலோருக்கு எதற்காக இப்படிப் பழகுகிறோம் என்று தெரியாது. ஃபுச்சிடாவுக்குத் தெரியும். அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் துறைமுகம் குறுகலானது. மலைப்பக்கமாக வந்து, கட்டிடங்களைத் தாண்டினதும் தண்ணீர். தண்ணீரில் இறங்கினதும் கப்பல். நடுவில் இடமே கிடையாது.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. விமானத்திலிருந்து விழுகிற டார்பிடோ முதலில் ஆழத்துக்குப் போய்த்தான் மேலே வரும். பேர்ல் ஹார்பரின் ஆழமோ சுமார் 12 மீட்டர், அதாவது 40 அடி. நம்ம பக்கத்து விவசாயக் கிணறே அதைவிட ஆழம்! சேற்றில் போய்க் குத்திக்கொண்டு நின்றுவிட்டால் இத்தனை பயிற்சியும் வீண். கடைசியில் டார்பிடோவின் வாலில் மரத்தால் செய்த துடுப்பு போன்ற பலகைகளை மாட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் அது ஆழம் போகாமல் ஓடியது.

ஃபுச்சிடாவின் சொந்த வேலை இது அல்ல. 3000 மீட்டர் உயரத்திலிருந்து நேராகப் பறந்து குண்டு போடுவது அவருடைய வேலை. ஒரு குண்டு 800 கிலோ. போர்க்கப்பலின் பெரிய பீரங்கிக் குண்டையே கடைந்து, வால் வைத்து, விமானத்திலிருந்து போடுகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். கப்பலின் இரும்புத் தளத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கும்.

அந்த விமானத்தில் மூன்று பேர். முன்னால் விமானி, நடுவில் திசை பார்த்துக் குண்டு போடுகிறவர், பின்னால் ரேடியோவும் துப்பாக்கியும் பார்க்கிறவர். குண்டு போடுகிறவர் கண்ணாடிக் குறி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டு இடது, வலது என்று சொல்லச் சொல்ல, விமானி ஒரு நூல் பிசகாமல் ஓட்ட வேண்டும். காற்றில் கொஞ்சம் ஆடினாலும் கீழே எத்தனையோ மீட்டர் தள்ளிப் போய்விடும். ஆரம்பத்தில் சரியாகவே விழவில்லை. இந்த முறையையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். பிறகு ஐந்து விமானங்களை ஒரு கூட்டமாக வைத்து, எல்லோரிலும் நன்றாகக் குறி வைக்கிறவரை முதல் விமானத்தில் உட்காரவைத்தார்கள். அவர் போட்டால் மற்ற நாலு பேரும் அதே நொடியில் போட வேண்டும். விமானியும் குறி வைக்கிறவரும் பிரியாமல் ஒரே ஜோடியாகப் பழகினார்கள். வாரக்கணக்கில் இதே வேலை!

நம்ம ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இது புரியும். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நல்ல தோலைக் கொடுத்துவிட மாட்டார்கள். கழிவுத் தோலில் தைத்துத் தைத்து, கை தானாகப் போக ஆரம்பித்த பிறகுதான் நல்ல தோல் கைக்கு வரும். கை பழகிவிட்டால் மனசு எங்கேயோ இருந்தாலும் வேலை நடந்துவிடும். பட்டாளத்திலும் அப்படித்தான். கீழே இருப்பது மனுஷர் என்கிற நினைப்பே வராதபடி கையும் கண்ணும் பழகிப்போகும். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எந்தத் தேசத்து விமானப்படையும் இப்படித்தான் பழக்குகிறது.

கப்பலில்

1941 நவம்பர் 22ம் தேதி வடக்கே எட்டோரோஃபு தீவின் ஹிட்டோகாப்பு விரிகுடாவில் கப்பல்கள் சேர்ந்தன. அங்கே வந்த பிறகுதான் விமானக்காரர்களுக்கு எங்கே போகிறோம் என்பதையே சொன்னார்கள். 26ம் தேதி ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களும் மற்றக் கப்பல்களும் புறப்பட்டன. ரேடியோவில் ஒரு சத்தம் அனுப்பக் கூடாது. எண்ணெய் போதாது என்று நடைபாதையிலெல்லாம் பீப்பாய்களை அடுக்கியிருந்தார்கள். வட பசிபிக் கடலின் குளிரிலும் அலையிலும் பறக்க முடியாது. ஆகவே ஓவாஹு தீவின் மாதிரி உருவத்தைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். அமெரிக்கக் கப்பல்களின் உருவப் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். நம்ம ஞாயிறு பள்ளியில் படம் காட்டிக் கேட்கிற மாதிரிதான்.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பானில் அப்போது திங்கள். விடியுமுன்னே எழுந்து, பண்டிகை நாளில் சாப்பிடுகிற சிவப்புப் பயறு போட்ட சாதத்தைச் சாப்பிட்டார்கள். கப்பலில் இருந்த சிறு கோவிலில் வணங்கினார்கள். ஃபுச்சிடா உள்ளே சிவப்புச் சட்டை போட்டிருந்தார். அடிபட்டு ரத்தம் வந்தால் கூட வருகிறவர்கள் பார்த்துக் கலங்கக் கூடாது என்பதற்காக! கப்பல் தளத்து ஆட்கள் கொடுத்த வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறினார். கப்பல் அலையில் ஆடிக்கொண்டிருந்தபோதே 183 விமானங்கள் சுமார் கால் மணி நேரத்தில் மேலே போய்விட்டன. இவர் விமானத்தை ஓட்டவில்லை, நடுவில் உட்கார்ந்திருந்தார். மட்சுசாகி என்பவர் ஓட்டினார்.

இத்தனை பயிற்சிக்குப் பிறகும் ஆரம்பத்திலேயே ஒரு குழப்பம் வந்தது பாருங்க. எதிரி விழித்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு வெளிச்ச வாணம், விழித்துக்கொண்டால் இரண்டு என்று ஏற்பாடு. ஃபுச்சிடா ஒன்று விட்டார். சண்டை விமானங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னொன்றும் விட்டார். வேறொரு கூட்டம் அதை இரண்டு என்று எண்ணிக்கொண்டது. வரிசை மாறி எல்லோரும் ஒரே சமயத்தில் பாய்ந்துவிட்டார்கள். ஆனாலும் எதிரி தூங்கிக்கொண்டிருந்தபடியால் பாதகமில்லை. 7.53க்கு ஃபுச்சிடா தம் ரேடியோக்காரர் மூலமாக அனுப்பின அடையாள வார்த்தை டோரா, டோரா, டோரா. டோரா என்றால் புலி.

இவருடைய கூட்டம் முதல் சுற்றில் மேகத்தினால் குறி தவறி, சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அந்த நேரத்தில் அரிசோனா என்ற போர்க்கப்பல் வெடித்ததை மேலேயிருந்து பார்த்தார். அந்த ஒரு கப்பலில் மாத்திரம் 1177 பேர். அன்றைக்கு இறந்த அமெரிக்கர் மொத்தம் 2403 பேர். அகாகியில் வந்து இறங்கினபோது அவருடைய விமானத்தில் பெரிய பெரிய ஓட்டைகள். விமானத்தைத் திருப்புகிற கம்பி ஒன்று அறுந்துபோகிற நிலையில் இருந்ததாம்.

பிறகு 1942 பிப்ரவரி 19ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். ஏப்ரல் 5ல் கொழும்பு. பிரிட்டிஷ் கப்பற்படை அங்கே இருக்கும் என்று வந்தார்கள். பெரிய கப்பல்கள் முன்னமே வெளியே போயிருந்தன. முந்தின நாளே பிர்ச்சல் என்ற கனடா விமானி கடல் மேல் இவர்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுப் பிடிபட்டார். துறைமுகத்தில் இருந்த டெனடோஸ், ஹெக்டர் என்ற கப்பல்கள் மூழ்கின. அங்கொடையிலிருந்த மனநல ஆஸ்பத்திரியின் மேலும் குண்டு விழுந்தது. புத்தி சுவாதீனமில்லாத நோயாளிகளுக்கும் யுத்தத்துக்கும் என்ன சம்பந்தம்? அன்றே வெளிக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு கப்பல்களை வேறொரு தலைவரின் கீழிருந்த விமானங்கள் மூழ்கடித்தன. 424 பேர் மாண்டார்கள். 9ம் தேதி திருகோணமலை. மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றுதான். நடுவில் 6ம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டது வேறு ஒரு ஜப்பானியக் கூட்டம், இவர் அதில் இல்லை.

மறுபக்கத்தில் ஒருவர்

இப்போது கதையை ஒரு நிமிஷம் அமெரிக்காவுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. பேர்ல் ஹார்பர் செய்தி வந்த நேரத்தில் ஒரு படை முகாமில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார் ஜேக்கப் டிஷேசர் என்ற சாதாரண சிப்பாய். குண்டு போடுகிற வேலைக்குத்தான் அவரும் பழகினவர். கோபத்தில் கையிலிருந்த கிழங்கைச் சுவரில் அடித்தார் என்று சொல்வார்கள். ஆபத்தான ஒரு வேலைக்கு யார் வருகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டபோது, பயந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்றே இவரும் சம்மதித்தார்.

1942 மார்ச்சில் ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் பயிற்சி. கப்பலிலிருந்து கிளம்பவே கிளம்பாத பெரிய பி-25 விமானத்தைச் சுமார் 500 அடிக்குள் மேலே எழுப்ப வேண்டும். ஓடுபாதையில் கோடு போட்டு, ஒரு கப்பற்படை அதிகாரி பழக்கினார். இரகசியமான குறிபார்க்கும் கருவி எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கழற்றிவிட்டு, இரண்டு அலுமினியத் துண்டால் 20 சென்டுக்கு ஒன்று செய்து கொடுத்தார்கள். வாலில் துப்பாக்கிக்குப் பதிலாகக் கறுப்பு வர்ணம் அடித்த துடைப்பக் கம்பு! ஏப்ரல் 18ல், அதாவது திருகோணமலைக்கு ஒன்பதாம் நாள், ஹார்னட் என்ற கப்பலிலிருந்து 16 விமானங்கள் கிளம்பின. கடைசி விமானத்தில் டிஷேசர். நாகோயா பட்டணத்தில் குண்டு போட்டுவிட்டு, எண்ணெய் தீர்ந்து, சீனாவில் பாராசூட்டில் குதித்து, ஜப்பானியரிடம் பிடிபட்டார்.

40 மாதம் சிறை. அதில் 34 மாதம் தனி அறை. கூட இருந்தவர்களில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றார்கள், ஒருவர் பட்டினியிலும் வியாதியிலும் இறந்தார். 1944ல் மூன்றே மூன்று வாரம் ஒரு வேதாகமம் கைக்குக் கிடைத்தது. அந்த இருட்டறையில் வாசித்து வாசித்து இரட்சிக்கப்பட்டார். அதுவரைக்கும் காவற்காரனைக் கொல்ல வேண்டும் என்று இருந்த மனுஷன், அவனுக்கு அவனுடைய பாஷையிலேயே நல்ல வார்த்தை சொல்ல ஆரம்பித்தார். விடுதலையாகி, வேதாகமக் கல்வி கற்று, 1948 டிசம்பரில் அதே ஜப்பானுக்கு மிஷனெரியாகத் திரும்பினார். பிற்பாடு 1959ல் தாம் குண்டு போட்ட அதே நாகோயாவில் சபையும் ஸ்தாபித்தார்.

மனம் திரும்பின விதம்

ஃபுச்சிடாவுக்கு வருவோம். 1942 ஜூனில் மிட்வே யுத்தத்துக்குப் போகும் வழியில் குடல்வால் நோய் வந்து, கப்பலிலேயே ஆப்பரேஷன். படையை நடத்திப் போக முடியவில்லை. அகாகி தீப்பிடித்தபோது தப்பி இறங்குகையில் இரண்டு காலும் முறிந்தது. அவர் பழக்கின வாலிபர்கள் அநேகர் அந்த யுத்தத்திலும் அதற்குப் பின்பும் மாண்டுபோனார்கள். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் ஒரு கூட்டத்துக்காக இருந்தார். அணுகுண்டு விழுவதற்கு முந்தின நாள்தான் அழைப்பு வந்து வெளியே போனார்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளமே இல்லை. பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை. சொந்த ஊரில் மண்ணை வெட்டிப் பயிர் செய்து, கோழி வளர்த்துப் பிழைத்தார். குற்ற விசாரணைக்காக டோக்கியோவுக்குச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அமெரிக்கரும் எங்கள் கைதிகளைக் கொடுமைதான் செய்திருப்பார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே வைராக்கியம். 1947ல் உராகா துறைமுகத்துக்குப் போய், அமெரிக்காவிலிருந்து திரும்பின ஜப்பானியக் கைதிகளை விசாரித்தார். அங்கே மிட்வேயில் செத்துப்போனதாக நினைத்த தம்முடைய பழைய விமான மெக்கானிக்கைக் கண்டார். அவர் சொன்னது வேறு. பெக்கி கோவெல் என்று ஓர் இளம்பெண் அங்கே காயப்பட்ட ஜப்பானியருக்குப் பணிவிடை செய்தாள். அவளுடைய அப்பா அம்மா மிஷனெரிகள். முன்பு ஜப்பானில் ஊழியம் செய்தவர்கள். பிலிப்பைன்ஸின் பனாய் தீவில் 1943 டிசம்பரில் ஜப்பானியச் சிப்பாய்கள் அவர்களைக் கொன்றுபோட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே அவள் இவர்களுக்குப் பணிவிடை செய்தாள்.

பழிவாங்குவது பிள்ளையின் கடமை என்று வளர்ந்தவர் ஃபுச்சிடா. இது அவருக்குப் பிடிபடவே இல்லை. 1948ல் டோக்கியோவில் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் ஒரு கைப்பிரதி கொடுத்தார். டிஷேசரின் சாட்சி! குண்டு போட்டவன் கதையைக் குண்டு போட்டவன் வாசித்தான். அப்புறம் ஒரு வேதாகமம் வாங்கினார். 1949 செப்டம்பரில் லூக்கா 23ம் அதிகாரம் 34ம் வசனத்துக்கு வந்தபோது, பெக்கியின் பெற்றோர் எதற்காக அப்படி ஜெபித்திருப்பார்கள் என்று விளங்கிற்று. அன்றைக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். நம்ம தெருவில் கைப்பிரதி கொடுக்கும்போது வாங்கி மடித்து ஜேப்பில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டே, அப்படி ஒருவர்தான் இவரும்.

1950ல் டிஷேசரின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டி, தாம் இன்னார் என்று சொன்னார். டிஷேசர் 40 நாள் உபவாசம் இருந்து ஜப்பானின் எழுப்புதலுக்காக ஜெபித்து முடித்த சமயம் அது என்று அவருடைய சரித்திரத்தில் வாசிக்கிறோம். ஞானஸ்நானம் 1951ல். இருவரும் ஒரே மேடையில் நின்று சாட்சி சொன்னார்கள். அமெரிக்காவுக்கும் போய்ப் பிரசங்கித்தார். யுத்தத்தில் பிள்ளையை இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இவர் எழுந்து நிற்பது சாதாரண காரியமா? ஜப்பானிலோ பழைய பட்டாளத் தோழர்கள் பலர், வெள்ளைக்காரனைப் பிரியப்படுத்துகிறான் என்று முகம் திருப்பிக்கொண்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன், சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஃபுச்சிடா பிற்காலத்தில் சொன்ன சில சம்பவங்களைச் சரித்திர ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வதில்லை. மிட்வேயில் இன்னும் ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தால் எங்கள் விமானங்கள் கிளம்பியிருக்கும் என்று புத்தகத்தில் எழுதினார். ஜப்பானியரின் சொந்தப் பதிவேடுகளே அதை மறுக்கின்றன. பேர்ல் ஹார்பரில் மறுபடியும் தாக்கச் சொல்லித் தாம் வற்புறுத்தினதாகச் சொன்னதும், ஜப்பான் சரணடைந்த கப்பலில் தாம் நின்றதாகச் சொன்னதும் சந்தேகத்துக்குரியவையே. பட்டாளத்தில் ஒரு நூல் பிசகக் கூடாது என்று பழகின மனுஷன் மேடையில் பிசகிவிட்டார் போலும். நம்ம கூட்டங்களிலும் சாட்சி சொல்ல எழுந்தால், பழைய பாவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, நடந்த அற்புதத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பழக்கம் இருக்கிறதே! என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கர்த்தருக்கு நம்ம கூட்டல் தேவையா? அவர் ஞானஸ்நானம் பெற்றதும், எதிரியின் வீட்டுக் கதவைத் தட்டினதும், கால் நூற்றாண்டு ஊழியம் செய்ததும் யாரும் மறுக்க முடியாத உண்மை.

கடைசி வருஷங்களில் சர்க்கரை வியாதி அவரை மிகவும் வாட்டியது. 1976 மே 30ம் தேதி ஒசாகா பக்கத்திலுள்ள காஷிவாராவில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயது 73. டிஷேசர் அப்போதும் ஜப்பானில்தான் ஊழியம் செய்துகொண்டிருந்தார்.